22 வருஷ மில்லு வேலை, "சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்"னு கையெழுத்து கேக்குறாங்க, அப்பா போடலாமா?

குடமுருட்டி_பையன்
12 பிப்ரவரி 2024, இரவு 10:41

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கிட்டு படிங்க.

எங்கப்பா கும்பகோணத்துலேந்து பஸ்ல முக்கா மணி நேரத்துல இருக்குற ஒரு தனியார் நூல் மில்லுல 22 வருஷமா இருக்காரு, ரிங் பிரேம்ல (நூல முறுக்கிச் சுத்துற மெஷின்) சைடர், அந்து போற நூல ஒட்டி மெஷின பாத்துக்குற வேலை. மில்லு பேரு இங்க வேணாம், இன்னும் அந்தக் கேட்டுல போய் நிக்க வேண்டியிருக்கு. 12 ஆயிரம் கதிர் (ஸ்பிண்டில்) ஓடுற சின்ன மில்லு தான், ஆனா சுத்துப்பட்டு நாலஞ்சு கிராமத்துக்கு வயக்காட்ட விட்டா அது ஒண்ணு தான் மாசச் சம்பளம். போன வருஷம் ஜூலைல சின்ன மில்லுக்காரங்க எல்லாம் சேந்து உற்பத்தி நிறுத்தம்னு அறிவிச்சாங்கல்ல, அப்ப பத்து நாளுன்னு சொல்லி நிறுத்துனாங்க. தொறந்தப்ப மூணு ஷிப்ட்டு ரெண்டாச்சு, தீபாவளி கழிச்சு ஒண்ணாச்சு, பொங்கலுக்கு லீவு விட்டவங்க இந்த நிமிஷம் வரைக்கும் தொறக்கல. மூடிட்டோம்னு ஒரு நோட்டீஸ் கூட ஒட்டல. போன் பண்ணா "ஆர்டர் வந்ததும் கூப்புடுறோம்"னு ஆபீஸ்ல சொல்றாங்க.

அப்பாவுக்கு இன்னும் காலைல நாலரைக்கு முழிப்பு வந்துருது, முதல் ஷிப்ட் பழக்கம். சைக்கிள எடுத்துக்கிட்டு மில்லு கேட் வரைக்கும் போயி நின்னுட்டு வாட்ச்மேனோட டீ குடிச்சிட்டு வருவாரு, அம்மா திட்டும், "என்னாத்துக்கு அங்க போயி நிக்கிறிய"ன்னு. போன புதன்கிழமை அப்புடி போனப்ப உள்ளேந்து ஒரு லாரி வெளிய வந்துருக்கு, தார்பாய் போட்டு கட்டியிருக்கு. தார்பாய்க்கு கீழ பச்சை பெயின்ட் அடிச்ச காலு தெரிஞ்சுதாம். "அது நம்ம ஏழாம் நம்பர் பிரேம்டா"ன்னாரு வீட்டுக்கு வந்து. அவரு ஓட்டுனது ஏழும் எட்டும். அன்னிக்கு மத்தியானம் சாப்புடல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். சனிக்கிழமை ஆபீஸ்லேந்து ஒவ்வொருத்தரா கூப்ட்டு ரெண்டு பேப்பர் குடுத்துருக்காங்க. ஒண்ணுல "சொந்த விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விலகுகிறேன்"னு இருக்கு, தேதி போடாம வெறுமனே விட்ருக்காங்க. இன்னொண்ணுல 75,000 ரூபாயை எல்லா பாக்கிக்கும் சேத்து பெற்றுக்கொண்டேன், இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்னு. வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டா செக்கு, இல்லன்னா அதுவும் கெடையாதுன்னு சொல்லிட்டாங்க. இது வரைக்கும் முப்பது பேருக்கு மேல போட்டுட்டாங்க.

அப்பாவுக்கு பேசிக்கும் டிஏவும் சேத்து 11,700. வயசு 51. அம்மா குழுவுல வாங்குன லோனுக்கு வாரத் தவணை ஓடுது, அதனால வீட்டுல பாதி பேரு போட்றலாம்ங்கிறாங்க. எனக்கு என்னமோ சரியாப் படல.

இன்னொரு சந்தேகமும் கேட்டுக்கிறேன். நம்ம பக்கம் பருத்தி போடுறாங்க, ஆளு இருக்கு, கரன்ட் இருக்கு, அப்பறம் ஏன் நூல் மில்லு மட்டும் தரிக்க மாட்டேங்குது? அப்பாகிட்ட கேட்டா பதில் வரல. டிவி பாத்துக்கிட்டே உக்காந்துருக்காரு, வலது கைல ரெண்டு வெரலு தானா முறுக்கிக்கிட்டே இருக்கு, அந்து போன நூல ஒட்டுற மாதிரி.

---

மன்னை_மைனர்
12 பிப்ரவரி 2024, இரவு 11:15

ப்ரோ 75 கைல வருதுல்ல, வாங்கிட்டு போயிட்டே இருங்க. கேஸு கீஸுன்னு போனா வக்கீலுக்கு தான் லாபம். எங்க சித்தப்பா ஒரு கம்பெனி மேல போட்ட கேஸு 14 வருஷம் ஓடுச்சு, தீர்ப்பு வந்தப்ப அவரு இல்ல.

---

வெண்ணாத்தங்கரை
13 பிப்ரவரி 2024, காலை 6:20

தம்பி, மொதல்ல ஒண்ணு. அந்த மொத பேப்பர்ல அப்பாவ கையெழுத்து போட விடாதீங்க. வேற எதையும் அப்பறம் பேசிக்கலாம்.

நான் ஒரு மில்லுல 19 வருஷம் இருந்து சங்கத்துலயும் பொறுப்புல இருந்தவன், எங்க மில்லு போயி ரொம்ப வருஷமாச்சு. இந்தப் பேப்பர் அப்பவே உண்டு, அச்சு எழுத்து கூட மாறல போல. விஷயம் என்னன்னா, மில்லு மூடுச்சுன்னா மொதலாளி குடுக்க வேண்டியது ஒரு கணக்கு, தொழிலாளி தானா போனா வேற கணக்கு. நீங்க எழுதிக் குடுத்துட்டா ஆவணத்துல மில்லு மூடவே இல்ல, உங்கப்பா தான் 22 வருஷம் கழிச்சு ஒரு நாள் காலைல எந்திரிச்சு வேலை வேணாம்னு போயிட்டாரு. தேதிய ஏன் வெறுமனே விட்ருக்கான்? லாரி போன தேதிக்கு முன்னாடி போட்டுக்கலாம்ல, அதுக்கு தான்.

கணக்கு சொல்றேன், பேப்பர்ல குறிச்சுக்கோங்க.

கிராஜுட்டி (பணிக்கொடை): 11,700ஐ 26ஆல வகுத்து 15ஆல பெருக்குனா 6,750. அத 22 வருஷத்தால பெருக்குனா 1,48,500. இது ராஜினாமா பண்ணாலும் உண்டு, மூடுனாலும் உண்டு, அஞ்சு வருஷம் தாண்டுனவன் எவனுக்கும் உண்டு. ஆக 75,000ங்கிறது கிராஜுட்டில பாதி தான், அவன் குடுக்குறது தானமும் இல்ல தர்மமும் இல்ல.

மூடல் நஷ்ட ஈடு: தொழில் தகராறு சட்டத்துல வருஷத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம். அரை மாசம்னு வச்சுக்கிட்டா 5,850, 22 வருஷத்துக்கு 1,28,700. நோட்டீஸ் குடுக்காம மூடுனா ஒரு மாசச் சம்பளம் தனி. இது தானா விலகுனவனுக்கு கெடையாது. புரியுதா எதுக்கு அந்தக் கையெழுத்துன்னு? நஷ்டத்துல மூடுனோம், சரக்கு தேங்கிப் போச்சுன்னு காரணம் சொல்லி இதக் கொறைக்கவும் முடியாது, அதெல்லாம் தவிர்க்க முடியாத சூழ்நிலைன்னு எடுத்துக்க மாட்டோம்னு சட்டத்துலயே எழுதி வச்சுருக்கு.

லேஆப் (வேலை இல்லன்னு தற்காலிகமா நிறுத்தி வைக்கிறது): பொங்கல்லேந்து வேலை குடுக்கலல்ல, அம்பது பேருக்கு மேல இருந்தா அந்த நாளுக்கெல்லாம் பேசிக், டிஏல பாதி குடுக்கணும். ஆனா இதுல ஒரு கொக்கி இருக்கு. தொழிலாளி தெனம் ஒரு தடவையாவது வேலை நேரத்துல மில்லுல வந்து நிக்கணும், வரலன்னா அந்த நாளுக்கு காசு கெடையாது. உங்கம்மா திட்டுறாங்கன்னு எழுதியிருந்தீங்கல்ல, அப்பா தெனம் காலைல கேட்டுக்கு போறாருன்னு, அத நிறுத்தச் சொல்லாதீங்க. அவருக்குத் தெரியாமலே அவரு பண்ணிட்டு இருக்குறது தான் இருக்குறதுலயே பெரிய ஆதாரம். கூட நாலு பேர கூட்டிக்கிட்டு போகச் சொல்லுங்க, ஒரு நோட்டுல தேதி, நேரம், கையெழுத்து போட்டு வைங்க, செல்போன்ல போட்டோ எடுங்க.

சம்பளத்துல இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடிச்சாங்களா? மில்லு மூடலால வேலை போனவங்களுக்கு ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனான்னு ஒண்ணு இருக்கு, 24 மாசம் வரைக்கும் படி குடுப்பாங்க, மொத வருஷம் சம்பளத்துல பாதி, அடுத்த வருஷம் கால்வாசி, ஆஸ்பத்திரி வசதியும் உண்டு. அதுவும் தானா விலகுனவனுக்கு இல்ல. நம்ம ஆளுங்கள்ல நூத்துக்கு தொண்ணூறு பேருக்கு இப்புடி ஒண்ணு இருக்குறதே தெரியாது.

ரெண்டு விவரம் வேணும். மஸ்டர் ரோல்ல (தொழிலாளிங்க வருகைப் பதிவேடு) எத்தன பேரு? பிஎஃப் பாஸ்புக்ல பணம் மாசா மாசம் ஏறியிருக்கா?

---

குடமுருட்டி_பையன்
13 பிப்ரவரி 2024, காலை 9:02

அண்ணே, கும்புடுறேன். காலைல அப்பாவுக்கு படிச்சுக் காமிச்சேன், நோட்டு வாங்கிட்டு வான்னாரு.

ரோல்ல 92 பேராம். ஒரிசா, பீகார் பசங்க அம்பது பேரு கான்ட்ராக்ட்ல இருந்தாங்க, ஹாஸ்டல்ல தங்கி, அவங்கள டிசம்பர்லயே ரயில் ஏத்தி அனுப்பிட்டாங்க. முன்னாடி ரோல்லயே 140 இருந்துச்சாம், ரெண்டு மூணு வருஷமா ரிட்டயர் ஆனவங்க எடத்துக்கு ஆளே எடுக்கலன்னு அப்பா சொல்றாரு. பிஎஃப் போன ஆகஸ்ட்டுக்கு அப்பறம் ஏறல, ஆனா டிசம்பர் வரைக்கும் சம்பளத்துல பிடிச்சுருக்காங்க.

---

வெண்ணாத்தங்கரை
13 பிப்ரவரி 2024, காலை 9:40

நெனச்சேன். 140ல இருந்தத 92க்கு ஏன் எறக்குனான் தெரியுமா? 100 பேரு இருந்தா மூடுறதுக்கு அரசாங்கத்துகிட்ட முன் அனுமதி வாங்கணும், வாங்காம மூடுனா அது மூடலே இல்ல, சம்பளம் ஓடிக்கிட்டே இருக்கும். நூறுக்கு கீழ, அம்பதுக்கு மேலன்னா 60 நாள் முன்னாடி அரசாங்கத்துக்கு நோட்டீஸ் குடுத்தாப் போதும். நீங்க எல்லாரும் பொங்கலுக்கு மூடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க, அவன் மூணு வருஷத்துக்கு முன்னாடியே மூட ஆரம்பிச்சுட்டான் தம்பி. கான்ட்ராக்ட் பசங்கள சேத்து எண்ணணும்னு வாதாடலாம், ஆனா அது இழுக்கும், அத மட்டும் நம்பிடாதீங்க. அந்த 60 நாள் நோட்டீஸாவது குடுத்தானான்னு தொழிலாளர் துறை ஆபீஸ்ல ஒரு மனு போட்டுக் கேளுங்க.

பிஎஃப் பிடிச்சுட்டு கட்டலன்னா அது வேற கதை, பிஎஃப் ஆபீஸுக்கு தனியா புகார் எழுதுங்க, பே ஸ்லிப் இருந்தா வச்சுக்கோங்க. பென்ஷன அவசரப்பட்டு இப்பவே எழுதிக் குடுக்க வேணாம், 58க்கு முன்னாடி வாங்குனா வருஷத்துக்கு 4 சதவீதம் கொறைச்சுருவான்.

கையெழுத்து போட்ட அந்த முப்பது பேருகிட்டயும் ஒண்ணு சொல்லுங்க. கிராஜுட்டி சட்டப்படி வர வேண்டியத எந்த ஒப்பந்தமும் கொறைக்க முடியாது, அவங்களும் மிச்சத்த கேட்டு மனு போடலாம். தொழிலாளர் துறைல உத்தரவு வாங்கிட்டா கலெக்டர் மூலமா வரி பாக்கி மாதிரி வசூல் பண்ண வழி இருக்கு.

---

ரிங்பிரேம்_ரிட்டயர்டு
13 பிப்ரவரி 2024, மாலை 4:10

தம்பியோட ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன். 31 வருஷம் ஸ்பின்னிங் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவன், கோயமுத்தூர்ல பாதி, நம்ம பக்கம் பாதி. மொதலாளிக்கு வக்காலத்து வாங்குறேன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க, மில்லோட வயித்துக்குள்ள என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்றேன்.

நூல் மில்லுங்கிறது பஞ்சு யாவாரம் தான். நூல் வெலைல பெரும்பகுதி பஞ்சு, அதுக்கு அடுத்தது கரன்ட், அப்பறம் தான் கூலி. பஞ்ச கண்டிக் கணக்குல வாங்குவோம், ஒரு கண்டி 356 கிலோ. 2022 மே மாசம் கண்டி ஒரு லட்சத்த தாண்டுச்சு, என் சர்வீஸ்ல அப்புடி ஒரு வெலைய பாத்ததில்ல. பெரிய மில்லுக்காரன் சீசன்லயே வாங்கி குடோன்ல அடுக்கி வச்சுக்குவான், சின்ன மில்லுக்காரன் பேங்க்ல ஓவர்டிராஃப்ட் கடன் வாங்கி வெலை இன்னும் ஏறுமோன்னு பயந்து உச்சத்துல வாங்குனான். அடுத்த வருஷம் நடுவுல அதே பஞ்சு அறுபதாயிரத்துக்கு கீழ. லட்ச ரூபா பஞ்ச மெஷின்ல போட்டு அறுபதாயிரம் ரூபா பஞ்சோட நூல் வெலைக்கு விக்கணும். தெனம் ஓட்டுனா தெனம் நஷ்டம், ஓட்டலன்னா பேங்க் வட்டி. ஜூலைல உற்பத்தி நிறுத்தம்னு சொன்னதுக்கு பின்னாடி இது தான் இருந்துச்சு. பஞ்சு எறக்குமதிக்கு 2021லேந்து 11 சதவீதம் வரி வேற, நடுவுல கொஞ்ச மாசம் எடுத்தாங்க, திரும்பப் போட்டாங்க.

கரன்ட் இருக்குன்னு எழுதியிருந்தீங்க. இருக்கு, வெலைய பாருங்க. 2008லேந்து நாலஞ்சு வருஷம் பவர் கட்டுல டீசல் ஜெனரேட்டர் ஓட்டி ஓட்டி பல பேரு அப்பவே முடிஞ்சுட்டாங்க. 2022 செப்டம்பர்ல எச்டி (உயர் அழுத்த) கனெக்ஷனுக்கு டிமாண்ட் சார்ஜ், அதாவது நீங்க கேட்டு வாங்கியிருக்குற மின் அளவுக்கு மாசா மாசம் கட்டுறது, ஒரு கேவிஏவுக்கு 350 ரூபாலேந்து 550 ஆச்சு. 800 கேவிஏ வாங்கியிருக்குற மில்லுன்னு வைங்க, ஓட்டுனாலும் ஓட்டலன்னாலும் 90 சதவீதத்துக்கு, அதாவது 720க்கு பில்லு வரும். மாசம் 2,52,000 கட்டிட்டு இருந்தவன் 3,96,000 கட்டணும், ஒரு பாபின் கூட சுத்தாம. அதுக்கு மேல யூனிட்டு. காலைல நாலு மணி நேரம், சாயங்காலம் நாலு மணி நேரம் பீக் அவர்னு அந்த நேரத்து யூனிட்டுக்கு ரேட்டு தனியா கூட. நூல் மில்லு 24 மணி நேரம் ஓடுற ஜாதி, பீக் அவர்ல நிறுத்திட்டு அப்பறம் ஓட்டுறேன்னா நூல் அந்து அந்து போகும், உங்கப்பாவ கேட்டா சொல்லுவாரு, நிறுத்தி எடுக்குற மொத அரை மணி நேரம் சைடருக்கு எப்புடி இருக்கும்னு.

பருத்தி நம்ம பக்கம் வெளையுது, வாஸ்தவம். சம்பா அறுத்துட்டு மாசில போடுறோம், ஆனி ஆடில திருவாரூர், கும்பகோணம், செம்பனார்கோயில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல ஏலம் போவுது. எடுக்குறது யாரு? மேக்க இருந்து வர்ற யாவாரி. பருத்திக் கொட்டைய பிரிக்குற அரவை மில்லுலேந்து பஞ்சுச் சந்தை வரைக்கும் எல்லாம் அந்தப் பக்கம் தான், நம்ம பருத்தி லாரி ஏறிப் போயி பஞ்சாகி, பேலாகி (அழுத்திக் கட்டுன பஞ்சுப் பொதி), அப்பறம் நம்ம ஊரு மில்லுக்காரன் வாடகை குடுத்துத் திருப்பிக் கொண்டாந்தான். அதுவும் பத்தாம குஜராத்து, மகாராஷ்டிரா, தெலங்கானா பஞ்சு. குஜராத்துக்காரன் பருத்திக் காட்டுக்கு பக்கத்துலயே மில்லு போட்டுட்டான், வட்டிக்கும் கரன்ட்டுக்கும் அரசாங்கச் சலுகையோட. பேலுக்கு நம்ம குடுக்குற லாரி வாடகையே அவனுக்கு லாபம்.

இன்னொண்ணு, வேளாண் மண்டலம்னு 2020ல சட்டம் போட்டதால தான் டெல்டால மில்லு வர்றதில்லன்னு வாட்ஸ்அப்ல ஒரு வதந்தி சுத்துது. அந்தத் தடைப் பட்டியல்ல இருக்குறது எண்ணெய், எரிவாயு, தோல் பதனிடுறது, இரும்பு, தாமிரம் உருக்குறது மாதிரி ஆலைங்க, நூல் மில்லு இல்ல. மணல்மேடு கூட்டுறவு நூற்பாலையெல்லாம் அந்தச் சட்டத்துக்கு ரொம்ப முன்னாடியே மூடுனது.

ஏழாம் நம்பர் பிரேம் வெளிய போச்சுன்னா, தம்பி, திரும்ப வராது. மெஷினு பழசு, அதோட வெலைய விட கழட்டி மாட்டுற செலவு அதிகம், அத வாங்குனவன் அங்க கொண்டு போயி ஓட்டுவான் இல்ல பாதிய பழைய இரும்புக்கு போடுவான். மில்லு தொறக்கும்னு நம்பி எதையும் தீர்மானிக்காதீங்க.

---

மன்னை_மைனர்
13 பிப்ரவரி 2024, மாலை 6:30

எல்லாம் சரி, ஆனா கொடி புடிச்சு மூடுன மில்லும் இருக்குல்ல? பம்பாய்ல ஸ்ட்ரைக் பண்ணி தானே மொத்த மில்லும் போச்சு. அத மட்டும் யாரும் சொல்ல மாட்டீங்க.

---

திருமலைராஜன்_கரை
13 பிப்ரவரி 2024, இரவு 8:05

மைனரு, பம்பாய் ஸ்ட்ரைக்கு 1982 ஜனவரி 18ல தத்தா சாமந்த் தலைமைல ஆரம்பிச்சது, ரெண்டரை லட்சம் பேரு வெளிய நின்னாங்க, தோத்தாங்க, ஒத்துக்கிறேன். ஆனா மில்லு ஓடுன எடத்துல இன்னிக்கு என்ன இருக்குன்னு போயி பாருங்க, மாலும் அடுக்குமாடியும். நூல விட நெலம் கிராக்கின்னு ஆனப்பறம் ஸ்ட்ரைக்கு இல்லன்னாலும் அந்த மில்லு எத்தன நாளைக்கு ஓடியிருக்கும்?

நான் காரைக்கால். எங்க பாண்டிச்சேரில ஏஎஃப்டி (ஆங்கிலோ பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ்), 1898ல ஆரம்பிச்ச மில்லு, அரசாங்கமே எடுத்து நடத்துனது. 2011 கடைசில 'தானே'ங்குற புயல் வந்து கூரை, மெஷின் எல்லாம் அடி வாங்குச்சு, அப்பறம் தேறவே இல்ல, 2020 ஏப்ரல் 30ஓட மூடல்னு அறிவிச்சாங்க. அங்க எந்த ஸ்ட்ரைக்கு? நாடு பூரா என்டிசி (மத்திய அரசோட தேசிய பஞ்சாலைக் கழகம்) மில்லு 23, தமிழ்நாட்டுல மட்டும் 7, கொரோனாவுக்கு 2020 மார்ச்சுல நிறுத்துனது இன்னும் ஓடல. அங்க யாரு கொடி புடிச்சா?

கொடி புடிச்சதப் பத்தி பேசுனா 1936 ஜூலை 30ஐயும் பேசணும். பாண்டிச்சேரி மில்லுத் தொழிலாளிங்க மேல பிரெஞ்சுக்காரன் சுட்டதுல 12 பேரு செத்தாங்க. எட்டு மணி நேர வேலை அங்க வந்தது அதுக்கு அப்பறம் தான்.

---

மன்னை_மைனர்
13 பிப்ரவரி 2024, இரவு 8:20

சரி சரி, அந்தக் கையெழுத்து விஷயத்துல நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன். கிராஜுட்டியே ஒண்ணரை லட்சம் வருதுன்னு தெரியாம சொல்லிட்டேன் ப்ரோ.

---

தறிக்குழி
14 பிப்ரவரி 2024, காலை 11:30

திருபுவனத்துலேந்து எழுதுறேன், பட்டுத் தறி. இங்க பேசுறது நூல் மில்லு, நாங்க சம்பந்தம் இல்ல, ஆனாலும் படிச்சதுலேந்து மனசு கேக்கல.

உங்களுக்காவது கேட்டு இருக்கு, பூட்டு இருக்கு, மஸ்டர் ரோல் இருக்கு, வழக்கு போட ஒரு ஆள் எதுக்க இருக்கான். எங்க தெருவுல தறி மூடுனா யாருக்கும் தெரியாது. எங்க வீட்டுல ரெண்டு தறி, எங்கப்பா ஒண்ணு நான் ஒண்ணு. அவரு போனப்பறம் அந்தத் தறியில உக்கார ஆளில்ல, தம்பி மெட்ராஸுக்கு போயிட்டான். ரெண்டு வருஷம் பாவு போடாம கெடந்துச்சு, எலி அச்சுக் கயித்த கடிச்சுது, அப்பறம் மரத்த கழட்டி வெறகுக்கும் பாதி பக்கத்து வீட்டுக்குமா குடுத்துட்டு, காலு தொங்கப் போடுற குழிக்குள்ள ஆத்து மணல கொட்டி மேல டைல்ஸ் ஒட்டிட்டோம். இப்ப அதுக்கு மேல என் பையனோட பைக்கு நிக்குது. மழைக் காலத்துல அந்த எடம் மட்டும் லேசா எறங்கியிருக்கும், வர்றவங்க தடுக்குவாங்க. யாருக்கு நோட்டீஸ் குடுத்தேன் நான்? யாரு எனக்கு குடுத்தா?

திருபுவனம் பட்டுக்கு 2019ல புவிசார் குறியீடு குடுத்தாங்க, சந்தோஷம் தான். கைத்தறிக்குன்னு ரகங்கள ஒதுக்க 1985லயே போட்ட சட்டமும் இருக்கு, இப்ப அதுல 11 ரகம். ஆனா கடைல பக்கத்துப் பக்கத்துல விசைத்தறிச் சேல தொங்குது, தொட்டுப் பாத்து வித்தியாசம் சொல்ற பொம்பளைங்க கொறைஞ்சுட்டாங்க. அரசாங்கக் கணக்குலயே 2009-10ல நாடு பூரா கைத்தறித் தொழிலாளி 43.31 லட்சம், 2019-20 கணக்குல 35.22 லட்சம். பத்து வருஷத்துல எட்டு லட்சம் பேரு, ஒரு மில்லு கூட மூடாம.

உங்கப்பாவோட வெரல் முறுக்குறத எழுதியிருந்தீங்கல்ல. எங்கப்பாவுக்கு கடைசி காலத்துல படுக்கைல காலு மாறி மாறி மிதிச்சுக்கிட்டே இருந்துச்சு. அவ்ளோ தான் சொல்ல வந்தேன்.

---

செம்மொழி_பயணி
14 பிப்ரவரி 2024, இரவு 11:50

நான் கோட்டூர் பக்கம், திருப்பூர்ல 11 வருஷம். மன்னார்குடில ராத்திரி செம்மொழி எக்ஸ்பிரஸ்ல ஏறுனா விடிய முன்னாடி திருப்பூர், அந்த அன்ரிசர்வ்டு பெட்டில ஏறிப் பாருங்க, பாதி டெல்டா அதுல தான் போவுது.

அப்பாவ இங்க அனுப்பலாம்னு யாராவது சொல்லுவாங்க, அதனால உள்ளத சொல்றேன். 51 வயசுல பனியன் கம்பெனில டைலரா சேர முடியாது, செக்கிங், பேக்கிங், ஹெல்பர், வாட்ச்மேன் இது தான் கெடைக்கும். காலைல எட்டரைலேந்து ராத்திரி வரைக்கும் ஒண்ணரை ஷிப்ட்டு, சனிக்கிழமை ராத்திரி சம்பளம். போன வருஷத்துலேந்து ஆர்டர் கொறைஞ்சு ஒண்ணரை ஷிப்ட்டே எல்லா வாரமும் இல்ல, ஒரு ஷிப்ட்டு கூலிய வச்சு லைன் வீட்டு வாடகையும் குடுத்து ஊருக்கும் அனுப்புறது கஷ்டம். பல்லடம், உடுமலை பக்கம் நூல் மில்லு இருக்கு, சைடருன்னா எடுப்பான், ஆனா ஹாஸ்டல்ல தங்குற சின்னப் பசங்களத் தான் மொதல்ல பாப்பான். எதுக்கும் ஆட்டோகோனர் (நூல கோன்ல சுத்துற மெஷின்) ஓட்டத் தெரியுமான்னு கேட்டு வைங்க, தெரிஞ்சா எனக்கு தனியா மெசேஜ் போடுங்க, ஒரு எடத்துல கேட்டுப் பாக்குறேன். ஆனா வழக்கு விஷயம் ஒரு நெலைக்கு வர்ற வரைக்கும் இங்க வந்துறாதீங்க, மேல அண்ணே சொன்ன அந்த கேட்டுல நிக்கிற கணக்கு அடிபட்டுப் போயிரும்.

---

குடமுருட்டி_பையன்
3 மார்ச் 2024, இரவு 9:15

எல்லாருக்கும் நன்றி. தனித்தனியா பதில் போட முடியல, மன்னிச்சுக்கோங்க.

வெள்ளிக்கிழமை அப்பா ஆபீஸுக்கு போயி பேப்பர கையெழுத்து இல்லாமலே திருப்பிக் குடுத்துட்டாரு. மேனேஜரு கோவமா பேசுனாராம், "உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா"ன்னு. அப்பா ஒண்ணும் சொல்லலயாம். கையெழுத்து போட்டவங்கள்ல ஒம்போது பேரு தவிர மத்தவங்களுக்கு செக்கு வந்துருச்சு, அதுல ரெண்டு திரும்பிருச்சு.

தொழிலாளர் துறைல மனு குடுத்தாச்சு, 34 பேரு சேந்து. 60 நாள் நோட்டீஸ் எதுவும் வந்ததா அவங்ககிட்ட இல்லன்னு வாய்மொழியா சொன்னாங்க, எழுத்துல கேட்டுருக்கோம். இந்த மாசம் 20ஆம் தேதி பேச்சுவார்த்தைக்கு மில்லுக்காரங்களையும் கூப்ட்ருக்காங்க. பிஎஃப் புகார் தனியா போயிருச்சு. இஎஸ்ஐ ஆபீஸ்ல மூடல்னு ஒரு ஆவணம் கொண்டாங்கங்கிறாங்க, மில்லு அத குடுக்க மாட்டேங்குது, தொழிலாளர் துறை லெட்டர் வந்தா பாப்போம்னு சொல்லியிருக்காங்க, இதப் பத்தி தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க. ஆட்டோகோனர் அப்பாவுக்கு தெரியாது அண்ணே, ரிங் பிரேம் மட்டும் தான்.

குழு லோனுக்கு பெரியப்பா ரெண்டு தவணை கட்டுனாரு. அப்பா சாயங்காலத்துல ஒருத்தரு தோட்டத்துக்கு தண்ணி பாய்ச்சப் போறாரு, காலைல மட்டும் போறதில்ல.

காலைல கேட்டு தான். மொத நாள் நாலு பேரு, இப்ப 27 பேரு வர்றாங்க, அஞ்சரைக்கு. நோட்டு வாட்ச்மேன்கிட்டயே இருக்கு, அவருக்கும் மூணு மாசச் சம்பளம் பாக்கி. முந்தாநாள் மழை தூறுச்சுன்னு நோட்டுக்கு பிளாஸ்டிக் கவர் போட்டு வச்சுருந்தாராம். பேரு வரிசைல கடைசியா 28ஆவதா அவரு பேரையும் எழுதிக்கலாமான்னு அப்பாகிட்ட கேட்டுருக்காரு. செக்யூரிட்டி கான்ட்ராக்ட்ல இருக்குறவரு எழுதலாமா அண்ணே?

---

வெண்ணாத்தங்கரை
4 மார்ச் 2024, காலை 5:50

எழுதட்டும் தம்பி. அவருக்கு யாரு சம்பளம் குடுத்தாங்க, எந்த கான்ட்ராக்டர், எந்த மாசத்துலேந்து பாக்கின்னு தனிப் பக்கத்துல எழுதச் சொல்லுங்க. லாரி எந்தத் தேதில எத்தன மணிக்கு போச்சுன்னு கேட் ரிஜிஸ்டர்ல இருக்கும்ல, அத 20ஆம் தேதிக்கு முன்னாடி போட்டோ எடுத்து வைங்க.